பழைய ஆளின் ஃபோல்டர் அழிய மறுக்கிறதா? அறிகுறி வாரியாக ஒரு வழிமுறை

தக்கலையில் கணினி பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறேன். இடி மின்னல் காலத்தில் கருகிய மோடம்கள் வரும். குளச்சல், முட்டம் பக்கத்திலிருந்து உப்புக் காற்றில் துருவேறிய போர்டுகள் வரும். மழை வெயில் பாராமல் ஆண்டு முழுக்க வருவது ஒரே முறையீடுதான்: "சி டிரைவ் சிவப்பாகிவிட்டது. பழைய ஆளின் ஃபோல்டரை அழிக்கப் போனால் அனுமதி இல்லை என்கிறது."

நம் பக்கத்தில் இது அதிகமாக வருவதற்கு எனக்குத் தெரிந்த காரணங்கள் சில உண்டு. 2011-இல் தொடங்கிய அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் அக்கா வாங்கியது தம்பிக்கு வரும், தம்பியிடமிருந்து சித்தி மகளுக்குப் போகும். அண்ணன் வளைகுடாவுக்கு விமானம் ஏறும்போது அவருடைய மடிக்கணினி வீட்டில் தங்கிவிடும். கடைகளில் பில் போடும் பிள்ளைகள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாறுவார்கள். ஆளுக்கொரு பயனர் கணக்கு திறக்கப்படும். ஆள் போன பிறகு கணக்கை நீக்கினாலும், சி டிரைவின் 'யூசர்ஸ்' ஃபோல்டருக்குள் அவர் பெயரில் முப்பது நாற்பது ஜிபி அப்படியே கிடக்கும்.

அழிக்க மறுக்கும்போது விண்டோஸ் காட்டும் செய்தியில், யாரிடம் அனுமதி வாங்கச் சொல்கிறது என்று ஒரு பெயர் இருக்கும். வருகிறவர்களில் பெரும்பாலோர் அந்தப் பெயரைப் படிக்காமல் 'ட்ரை அகெய்ன்' பொத்தானையே திரும்பத் திரும்ப அழுத்தியிருப்பார்கள். கீழே உள்ள தலைப்புகளில் பலவும் அந்தப் பெயரை வைத்தே பிரிகின்றன. மெனுப் பெயர்களைத் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். உங்கள் திரையில் அவை ஆங்கிலத்தில் இருக்கும். விண்டோஸ் 10, 11 இரண்டுக்கும் இது பொருந்தும்.

## கை வைப்பதற்கு முன்

முதலில், அது உண்மையிலேயே பழைய ஆளின் ஃபோல்டர்தானா என்று பாருங்கள். பயனர் கணக்கின் பெயரை மாற்றினாலும் ஃபோல்டரின் பெயர் மாறாது. அக்கா பெயரில் திறந்த கணக்கைத் தம்பி தன் பெயருக்கு மாற்றியிருப்பான். உள்ளே ஃபோல்டர் அக்கா பெயரிலேயே இருக்கும். அதை அழித்தால் தம்பி தன் வீட்டையே இடித்த கதைதான். மைக்ரோசாஃப்ட் கணக்கு வழியாக விண்டோஸை அமைத்திருந்தால் மின்னஞ்சல் முகவரியின் முதல் ஐந்து எழுத்துகள் மட்டும் ஃபோல்டர் பெயராக வரும். அதைப் பார்த்து "இது யாரோ" என்று நினைப்பவர்களும் உண்டு. சோதிப்பது எளிது. 'கமாண்ட் ப்ராம்ப்ட்' என்ற கறுப்புத் திரையைச் சாதாரணமாகத் திறங்கள். கர்சர் துடிக்கும் வரியில் 'யூசர்ஸ்' என்பதற்குப் பின்னால் வரும் பெயர்தான் நீங்கள் இப்போது குடியிருக்கும் ஃபோல்டர்.

இரண்டாவது, அதற்குள் இருப்பதை வேறு யாராவது பயன்படுத்துகிறார்களா என்பது. குலசேகரத்தில் ரப்பர் ஷீட் வாங்கி விற்கும் ஒருவரின் கணினியில் நானே மாட்டிக்கொண்டேன். வேலையை விட்டுப்போன கணக்குப்பிள்ளையின் ஃபோல்டர். கணக்கு நீக்கப்பட்டு ஓராண்டு ஆகியிருந்தது. ஷிஃப்ட் விசையோடு டெலீட் அழுத்தி ஒரேயடியாக அழித்துவிட்டேன். மறுநாள் காலை ஏழு மணிக்கு அழைத்தார். "மக்களே, பில் போடும் மென்பொருள் திறக்கிறது, ஆனால் உள்ளே ஒன்றுமே இல்லையே." மென்பொருள் சி டிரைவில்தான் இருந்தது. அதன் தரவு மட்டும், முதன்முதலில் நிறுவிய அந்தப் பழைய கணக்குப்பிள்ளையின் 'டாக்குமெண்ட்ஸ்' ஃபோல்டரில் இருந்திருக்கிறது. பதினொரு நாளுக்கு முந்தைய பேக்கப் ஒன்று பென் டிரைவில் இருந்ததால் தப்பித்தேன். அந்தப் பதினொரு நாள் பில்களை இரண்டு மாலை உட்கார்ந்து நானே கையால் ஏற்றிக் கொடுத்தேன். அன்றிலிருந்து கணக்கு மென்பொருள் உள்ள எந்தக் கணினியிலும், அதைத் திறந்து தரவு எந்த இடத்திலிருந்து வருகிறது என்று பார்க்காமல் நான் எதையும் அழிப்பதில்லை.

டிடிபி கடைக்காரர்களுக்கும் ஆல்பம் செய்யும் ஸ்டுடியோக்காரர்களுக்கும் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். 2018-இல் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து, ஒரு எழுத்துருவை இரட்டைச் சொடுக்கி 'இன்ஸ்டால்' கொடுத்தால் அது பொதுவாக அந்தப் பயனருக்கு மட்டுமே நிறுவப்படும். அது போய் உட்காரும் இடம் அவருடைய ஃபோல்டருக்குள், மறைந்திருக்கும் 'ஆப்டேட்டா'வின் 'லோக்கல்', 'மைக்ரோசாஃப்ட்', 'விண்டோஸ்', 'ஃபாண்ட்ஸ்'. பழைய வடிவமைப்பாளர் பத்தாண்டாகச் சேர்த்த தமிழ் எழுத்துருக்கள் அங்கே இருக்கலாம். அழித்த பிறகு பழைய கல்யாணப் பத்திரிகைகளைத் திறந்தால் எழுத்தெல்லாம் கட்டம் கட்டமாகவோ கோணல் மாணலாகவோ நிற்கும். 'வியூ' மெனுவில் 'ஹிடன் ஐட்டம்ஸ்' என்பதைத் தெரிவுசெய்து, அந்த ஃபாண்ட்ஸ் ஃபோல்டரை முதலில் நகல் எடுத்துவிடுங்கள்.

இவற்றோடு டெஸ்க்டாப், டாக்குமெண்ட்ஸ், டவுன்லோட்ஸ், பிக்சர்ஸ் ஆகிய நான்கையும் வெளி டிஸ்க்கில் நகலெடுங்கள். குரோம், எட்ஜ் போன்ற பிரவுசர்களில் சேமித்த கடவுச்சொற்கள் நகலெடுத்தாலும் வேறு கணக்கில் திறக்காது; அந்தக் கணக்கோடு பூட்டப்பட்டவை அவை.

வெளிநாட்டில் இருக்கும் அண்ணனின் ஃபோல்டர் என்றால் அவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். "கணினி என் வீட்டில்தானே இருக்கிறது" என்று சொல்லி அழித்துவிட்டு, தோஹாவிலிருந்து பாஸ்போர்ட் நகலைக் கேட்டு அழைப்பு வந்தபோது விழித்தவர்களை எனக்குத் தெரியும்.

## அறிகுறி 1: "இந்த ஃபோல்டரைத் திறக்க உங்களுக்கு இப்போது அனுமதி இல்லை", கீழே 'கண்டின்யூ' பொத்தான்

இது பூட்டே இல்லை, கதவு சாத்தியிருக்கிறது, அவ்வளவுதான். நிர்வாகி (அட்மினிஸ்ட்ரேட்டர்) கணக்கில் இருந்தால் 'கண்டின்யூ' அழுத்துங்கள். உங்கள் பெயரை அந்த ஃபோல்டரின் அனுமதிப் பட்டியலில் விண்டோஸே எழுதிக்கொள்ளும். கோப்புகள் அதிகமென்றால் மேலே பச்சைப் பட்டை மெதுவாக நகரும். பத்து நிமிடம்கூட ஆகும். நின்றுவிட்டது என்று நினைத்து ஜன்னலை மூடாதீர்கள்.

நிர்வாகியின் கடவுச்சொல்லைக் கேட்கிறது என்றால் நீங்கள் இருப்பது சாதாரணக் கணக்கு. நிர்வாகி கணக்கில் நுழைந்து செய்யுங்கள். கடவுச்சொல் யாருக்கும் தெரியவில்லை என்றால் இந்த இடத்திலேயே நிறுத்திவிட்டுக் கடைக்கு எடுத்துவாருங்கள். இணையத்தில் கிடைக்கும் கடவுச்சொல் உடைக்கும் மென்பொருள்களை இறக்கி, அதோடு வைரஸையும் இறக்கிக்கொண்டு வருகிறவர்கள் ஏராளம்.

## அறிகுறி 2: எஸ்-1-5-21 என்று தொடங்கும் நீண்ட எண்ணிடம் அனுமதி கேட்கச் சொல்கிறது

பழைய ஆள் போய்விட்டார், அவருடைய எண் மட்டும் மிச்சம் என்று பொருள். விண்டோஸ் ஆளைப் பெயரால் அடையாளம் காண்பதில்லை, இந்த எண்ணால்தான் காண்கிறது. கணக்கை நீக்கியதும் எண்ணுக்குரிய பெயர் அழிந்துவிடும். ஃபோல்டரின் அனுமதிப் பட்டியலில் எண் அப்படியே நிற்கும். அதே பெயரில் புதிதாக ஒரு கணக்கைத் திறந்தால் சரியாகிவிடும் என்று சிலர் முயல்கிறார்கள். ஆகாது. புதுக் கணக்குக்குப் புது எண்.

எளிய வழி. ஃபோல்டரைத் தொடவே தொடாதீர்கள். ஸ்டார்ட் தேடலில் 'அட்வான்ஸ்டு சிஸ்டம் செட்டிங்ஸ்' என்று தேடித் திறங்கள். 'அட்வான்ஸ்டு' பக்கத்தில் 'யூசர் ப்ரொஃபைல்ஸ்' என்ற பகுதியில் 'செட்டிங்ஸ்' பொத்தான் இருக்கும். அங்கே வரும் பட்டியலில் 'அக்கவுண்ட் அன்நோன்' என்று ஒரு வரி இருந்தால், எதிரே காட்டும் அளவை உங்கள் ஃபோல்டரின் அளவோடு ஒப்பிட்டுவிட்டு 'டெலீட்' கொடுங்கள். ஃபோல்டரும் போகும், ரெஜிஸ்ட்ரி என்ற விண்டோஸின் உள் பதிவேட்டில் அதற்கிருக்கும் பதிவும் போகும். என் கடைக்கு வரும் இந்த வகைத் தொல்லைகளில் பாதிக்கு மேல் இந்த ஒரு பொத்தானில் முடிந்துவிடுகிறது. இவ்வளவு நல்ல பொத்தானை இவ்வளவு ஆழத்தில் ஏன் புதைத்தார்கள் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

'டெலீட்' மங்கலாக இருந்தால் அந்தக் கணக்கு இன்னும் ஏற்றப்பட்ட நிலையில் இருக்கிறது. கணினியை ரீஸ்டார்ட் செய்து, வேறு யாரும் நுழைவதற்கு முன் நிர்வாகி கணக்கில் நுழைந்து பாருங்கள்.

பட்டியலிலேயே இல்லை என்றால் உரிமையை நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டும். ஃபோல்டரின் மேல் வலச் சொடுக்கி 'ப்ராப்பர்ட்டீஸ்', அதில் 'செக்யூரிட்டி', அதில் 'அட்வான்ஸ்டு'. மேலே 'ஓனர்' என்ற வரியில் அந்த நீண்ட எண்ணோ, உரிமையாளரைக் காட்ட முடியவில்லை என்ற செய்தியோ இருக்கும். பக்கத்தில் 'சேஞ்ச்' அழுத்தி உங்கள் பயனர் பெயரை எழுதி, 'செக் நேம்ஸ்' கொடுத்தால் பெயர் அடிக்கோடிட்டு நிற்கும். ஓகே கொடுத்ததும் ஓனர் வரிக்குக் கீழே ஒரு சிறு பெட்டி புதிதாகத் தோன்றும்: உள்ளே இருப்பவற்றுக்கும் உரிமையாளரை மாற்றவா என்று கேட்கும் பெட்டி. அதில் டிக் போடாமல் விடுவதுதான் பலரும் செய்யும் பிழை. வெளி ஃபோல்டர் மட்டும் உங்களுடையதாகும், உள்ளே ஆயிரம் கோப்புகள் பழைய எண்ணிடமே இருக்கும்.

டிக் போட்டு 'அப்ளை' கொடுத்து எல்லா ஜன்னல்களையும் மூடுங்கள். மீண்டும் அதே 'அட்வான்ஸ்டு' பக்கத்தைத் திறங்கள். 'ஆட்' மூலம் உங்கள் பெயரைச் சேர்த்து 'ஃபுல் கன்ட்ரோல்' கொடுங்கள். கீழே, உட்பட்ட எல்லாவற்றின் அனுமதிகளையும் மாற்றும் பெட்டியில் டிக் போடுங்கள். உரிமை வேறு, அனுமதி வேறு. பத்திரம் உங்கள் பெயருக்கு மாறியதும் சாவி தானாகக் கைக்கு வந்துவிடுவதில்லையே, அதுபோலத்தான்.

இப்போது அழிக்கலாம். ஆனால் நான் உடனே அழிப்பதில்லை. ஃபோல்டரின் பெயருக்குப் பின்னால் 'பழையது' என்று சேர்த்து ஒரு வாரம் விட்டுவைப்பேன். ஏதாவது மென்பொருள் அதைத் தேடினால் அந்த ஒரு வாரத்தில் முனகும். முனகினால் பெயரை முன்போல மாற்றிவிடலாம். குலசேகரத்துப் பாடம் இது. கணக்கு நீக்கப்பட்ட ஃபோல்டர்களுக்கு மட்டுமே இப்படிச் செய்ய வேண்டும். உயிரோடு இருக்கும் கணக்கின் ஃபோல்டர் பெயரை மாற்றினால் அறிகுறி 7-இல் போய் நிற்பீர்கள்.

செய்யவே கூடாதது. இந்த உரிமை மாற்றத்தைக் குறிப்பிட்ட அந்த ஒரு ஃபோல்டரில் மட்டும் செய்யுங்கள். 'யூசர்ஸ்' ஃபோல்டர் முழுவதற்குமோ சி டிரைவ் முழுவதற்குமோ செய்யாதீர்கள். கல்லூரி மாணவன் ஒருவன் "எதற்குத் தனித்தனியாக" என்று சி டிரைவுக்கே செய்துவிட்டு வந்தான். ஸ்டார்ட் மெனு திறக்கவில்லை, அப்டேட் ஓடவில்லை. அதைச் சீர்செய்ய விண்டோஸை மறுபடி நிறுவுவதைத் தவிர நியாயமான வழி எதுவும் கிடைக்கவில்லை.

## அறிகுறி 3: உங்கள் பெயரிடமே அனுமதி வாங்கச் சொல்கிறது

"என் பெயரைச் சொல்லி என்னிடமே அனுமதி கேட்கிறதே" என்று சிரித்துக்கொண்டே வருவார்கள். மூன்று காரணங்கள் உண்டு.

ஒன்று, உரிமையை எடுத்தீர்கள், அனுமதியைக் கொடுக்கவில்லை. அறிகுறி 2-இல் சொன்னபடி 'ஃபுல் கன்ட்ரோல்' கொடுக்கும் பகுதியைச் செய்யுங்கள். இரண்டு, ஏற்கெனவே அழிக்கச் சொன்ன கோப்பை வேறொரு மென்பொருள் பிடித்துவைத்திருப்பதால் அது பாதி அழிந்த நிலையில் தொங்குகிறது. ரீஸ்டார்ட் செய்தால் தானாகவே மறைந்துவிடும். மூன்று, அனுமதிப் பட்டியலில் 'டினை' என்று ஒரு வரி இருக்கிறது. மறுப்பு வரி பொதுவாக அனுமதி வரியை வென்றுவிடும். 'அட்வான்ஸ்டு' பக்கத்தில் முதல் நெடுவரிசையில் அது தெரியும். தெரிவுசெய்து 'ரிமூவ்' கொடுங்கள்.

## அறிகுறி 4: "இது வேறொரு மென்பொருளில் திறந்திருக்கிறது"

இது அனுமதிச் சிக்கல் அல்ல. உரிமையை மாற்றிப் பயனில்லை.

ரீஸ்டார்ட் செய்யுங்கள். ஷட் டவுன் செய்து திறப்பது வேறு, ரீஸ்டார்ட் வேறு. 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்' இயங்கும் கணினிகளில் ஷட் டவுன் செய்யும்போது விண்டோஸின் உட்பகுதி டிஸ்க்கில் சேமிக்கப்பட்டு மறுபடி அப்படியே எழும். ரீஸ்டார்ட் மட்டுமே முழுக்க இறக்கி ஏற்றும். "மூன்று தடவை அணைத்துத் திறந்துவிட்டேன்" என்று சொல்பவரிடம் நான் முதலில் செய்துகாட்டுவது இதைத்தான்.

பிறகும் போகாவிட்டால் டாஸ்க் மேனேஜரில் 'யூசர்ஸ்' பக்கத்தைப் பாருங்கள். 'ஸ்விட்ச் யூசர்' கொடுத்துவிட்டுப் போனவர் இன்னும் உள்ளேயே இருப்பார். அவரை 'சைன் அவுட்' செய்யுங்கள். அடுத்து 'ரிசோர்ஸ் மானிட்டர்' திறந்து 'சிபியு' பக்கத்தில் 'அசோசியேட்டட் ஹேண்டில்ஸ்' தேடலில் ஃபோல்டரின் பெயரை எழுதினால், எந்த மென்பொருள் அதைப் பிடித்திருக்கிறது என்று பெயரோடு காட்டிவிடும். பெரும்பாலும் வைரஸ் எதிர்ப்பு மென்பொருளாகவோ பேக்கப் எடுக்கும் மென்பொருளாகவோ இருக்கும்.

கடைசி வழி சேஃப் மோடு, அதாவது அவசியமானவற்றை மட்டும் ஏற்றி விண்டோஸைத் திறப்பது. ஷிஃப்ட் விசையை அழுத்தியபடியே ரீஸ்டார்ட் கொடுத்து, 'ட்ரபிள்ஷூட்', 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்', 'ஸ்டார்ட்டப் செட்டிங்ஸ்', 'ரீஸ்டார்ட்', பிறகு எண் 4. புதிய மடிக்கணினிகளில் இந்த இடத்தில், டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கலாம். அந்த எண் கையில் இல்லாமல் இந்தப் படிக்குப் போகாதீர்கள்.

## அறிகுறி 5: 'ட்ரஸ்டட் இன்ஸ்டாலர்' அல்லது 'சிஸ்டம்' என்ற பெயர் வருகிறது

'ட்ரஸ்டட் இன்ஸ்டாலர்' என்று வந்தால் கையை எடுங்கள். நீங்கள் நிற்பது பயனர் ஃபோல்டரில் இல்லை, விண்டோஸின் சொந்தச் சொத்தில்.

'விண்டோஸ் டாட் ஓல்ட்' என்ற ஃபோல்டருக்குள் பழைய பயனர்கள் கிடக்கிறார்கள் என்றால் அது வேறு கதை. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்ததையொட்டிப் பலரும் 11-க்கு மாறினார்கள். மாறிய கணினிகளில் இது இருக்கும். பொதுவாகப் பத்து நாளில் தானாகவே போய்விடும். அதற்குள் இடம் வேண்டுமென்றால் 'செட்டிங்ஸ்', 'சிஸ்டம்', 'ஸ்டோரேஜ்', 'டெம்பரரி ஃபைல்ஸ்' சென்று பழைய விண்டோஸ் நிறுவல் என்பதைத் தெரிவுசெய்து நீக்குங்கள். உரிமை மாற்றி மல்லுக்கட்ட வேண்டிய தேவையே இல்லை.

யூசர்ஸுக்குள் இருக்கும் 'பப்ளிக்', 'டிஃபால்ட்', மறைந்திருக்கும் 'ஆல் யூசர்ஸ்', 'டிஃபால்ட் யூசர்' ஆகியவை யாரும் விட்டுப்போனவை அல்ல, தொடாதீர்கள். புதுப் பயனருக்கு ஃபோல்டர் உருவாவதே 'டிஃபால்ட்' என்ற அச்சிலிருந்துதான். 'டிஃபால்ட்யூசர்0' மட்டும் விண்டோஸ் நிறுவும்போது மிஞ்சிய தற்காலிகக் கணக்கு, அதை நீக்கலாம். சி டிரைவில் 'டாக்குமெண்ட்ஸ் அண்ட் செட்டிங்ஸ்' என்று ஒன்று மங்கலாகத் தெரிந்து, சொடுக்கினால் அனுமதி மறுக்கிறதா? அது ஃபோல்டரே அல்ல. விண்டோஸ் எக்ஸ்பி காலத்துப் பெயரைத் தேடி வரும் பழைய மென்பொருள்களை 'யூசர்ஸ்' பக்கம் திருப்பிவிடும் கைகாட்டி. அது இடமும் பிடிப்பதில்லை.

## அறிகுறி 6: "பெயர் மிக நீளம்" அல்லது "அந்தக் கோப்பைக் காணவில்லை"

விண்டோஸ் எக்ஸ்ப்ளோரர் 260 குறிகளுக்கு மேற்பட்ட பாதையைக் கண்டால் திணறும். தமிழில் பெயர் வைப்பவர்கள் இந்த எல்லையைச் சீக்கிரம் தொடுவார்கள். 'கன்னியாகுமரி' நம் கண்ணுக்கு ஏழு எழுத்து. விண்டோஸின் கணக்கில் பன்னிரண்டு, ஏனென்றால் புள்ளியும் கொம்பும் துணைக்காலும் தனித்தனிக் குறிகள். மணமக்கள் பெயர், ஊர், மண்டபம், தேதி என்று ஃபோல்டருக்குள் ஃபோல்டராக வைக்கும் ஸ்டுடியோ கணினிகளில் இது வாடிக்கை.

மேலிருந்து ஒவ்வொரு ஃபோல்டருக்கும் 1, 2 என்று குறுகிய பெயர் வையுங்கள். பாதை சுருங்கியதும் அழிந்துவிடும். பெயர் மாற்றவும் விடாவிட்டால் செவன் சிப் என்ற இலவச மென்பொருளின் கோப்பு மேலாளர் வழியாகச் சென்று ஷிஃப்ட் டெலீட் கொடுங்கள். நீளத்தைப் பற்றி அது கவலைப்படுவதில்லை. பெயரின் கடைசியில் புள்ளியோ இடைவெளியோ இருப்பதால் "காணவில்லை" என்று சொல்லும் கோப்புகளுக்கும் முதலில் இதையே முயலுங்கள்.

'அப்ளிகேஷன் டேட்டா'வுக்குள் 'அப்ளிகேஷன் டேட்டா', அதற்குள் மறுபடி அதுவே என்று முடிவில்லாமல் போகிறதா? அதுவும் ஒரு கைகாட்டிதான். தன்னையே சுட்டுவதால், யாரும் உள்ளே போகாமலிருக்க அதில் மறுப்பு வரி போட்டு வைத்திருப்பார்கள். உரிமை மாற்றும்போது அந்த வரி கழன்றுவிட்டால், நகலெடுக்கும் மென்பொருள் அதற்குள் சுற்றிச் சுற்றி நீளமான ஃபோல்டர்களை வெளி டிஸ்க்கில் உருவாக்கித் தள்ளும். அதனால்தான் நகலெடுப்பதை உரிமை மாற்றத்துக்கு முன்பே, வேண்டிய நான்கு ஃபோல்டர்களை மட்டும் எடுத்து முடிக்கச் சொல்கிறேன்.

## அறிகுறி 7: அழித்த பிறகு கணக்கில் நுழைய முடியவில்லை, அல்லது 'டெம்ப்' என்று புது ஃபோல்டர் முளைக்கிறது

கணக்கை நீக்காமல் ஃபோல்டரை மட்டும் அழித்திருக்கிறீர்கள். ரெஜிஸ்ட்ரியில் பதிவு இருக்கிறது, அது சுட்டும் ஃபோல்டர் இல்லை. விண்டோஸ் தற்காலிகமாக ஒரு கூடாரம் போட்டுக் கொடுக்கிறது. அந்தக் கூடாரத்தில் சேமிக்கும் எதுவும் சைன் அவுட் செய்ததும் போய்விடும். பிள்ளைகள் ப்ராஜெக்ட் வேலையை அதில் செய்து தொலைப்பதுண்டு.

ஃபோல்டர் குப்பைத்தொட்டியில் இருந்தால் மீட்டு, ரீஸ்டார்ட் செய்யுங்கள். இல்லையென்றால், கணக்கே வேண்டாம் என்ற நிலையில், அறிகுறி 2-இல் சொன்ன யூசர் ப்ரொஃபைல்ஸ் பட்டியலில் அந்த வரியை நீக்கி, கணக்கையும் 'செட்டிங்ஸ்', 'அக்கவுண்ட்ஸ்' வழியாக நீக்குங்கள். கணக்கு வேண்டும் என்றால் ரெஜிஸ்ட்ரியில் கை வைக்க வேண்டியிருக்கும். அதைப் பழகியவரிடம் விடுங்கள்.

## அறிகுறி 8: பழைய கணினியின் டிஸ்க்கை யுஎஸ்பியில் மாட்டினால் பயனர் ஃபோல்டர் திறக்கவில்லை

முதலில் காதை வையுங்கள். டிக் டிக் என்று சீரான சத்தம் வந்தால், அல்லது ஃபோல்டர் பட்டியல் வருவதற்கே நிமிடங்கள் ஆனால், உடனே கழற்றிவிடுங்கள். 'கண்டின்யூ' அழுத்தினால் விண்டோஸ் அந்த ஃபோல்டரில் உள்ள ஒவ்வொரு கோப்பின் மேலும் புதிய அனுமதியை எழுதத் தொடங்கும். சாகக்கிடக்கும் டிஸ்க்குக்கு அந்த வேலை எமன். தரவு மீட்பவரிடம் கொடுங்கள். செலவு ஆயிரக்கணக்கில் ஆகும், அதனால் உள்ளே இருப்பது அந்த மதிப்புக்கு ஈடா என்று முதலில் யோசித்துக்கொள்ளுங்கள்.

டிஸ்க் ஆரோக்கியமாக இருந்தால் 'கண்டின்யூ' போதும். அதுவும் மறுத்தால் அறிகுறி 2-இன் உரிமை மாற்றம். கோப்புகளை எடுத்தால் மட்டும் போதும், அனுமதிகளில் கை வைக்க வேண்டாம் என்றால் உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளம் ஏற்றிய பென் டிரைவிலிருந்து கணினியைத் துவக்கிப் பாருங்கள். விண்டோஸ் போட்ட அனுமதிகளை அது பொருட்படுத்துவதில்லை.

கோப்பின் படத்தில் சிறு பூட்டு தெரிந்தால் அது அனுமதி அல்ல, குறியாக்கம். உரிமையை எடுத்தாலும் திறக்காது. திறக்கும் சாவி அந்தப் பழைய பயனரின் ஃபோல்டருக்குள்ளேயே, அவருடைய கடவுச்சொல்லால் பூட்டி வைக்கப்பட்டிருக்கிறது. அந்த ஃபோல்டரை அழித்தால் சாவியும் சேர்ந்து போய்விடும். நிர்வாகியாக இருந்து அவருடைய கடவுச்சொல்லை மாற்றினாலும் சாவி கைவிட்டுப்போகும். பழைய கடவுச்சொல் தெரிந்தவரைத் தேடிப் பிடிப்பதுதான் வழி.

## அறிகுறி 9: லினக்ஸ் கணினியில் 'ஹோம்' ஃபோல்டரில் பழைய பயனர்

விலையில்லா மடிக்கணினிகளில் பாஸ் லினக்ஸ் என்ற இயங்குதளத்தைப் பார்த்திருப்பீர்கள். அங்கே பயனரை நீக்கும்போது அவருடைய ஃபோல்டரையும் நீக்கச் சொல்லாவிட்டால் அது தங்கிவிடும். உரிமையாளர் இடத்தில் பெயருக்குப் பதில் 1001 போன்ற எண் நிற்கும். ரூட் எனப்படும் லினக்ஸ் நிர்வாகியின் அதிகாரத்தோடு அழித்தால் மறுப்பே இல்லாமல் போய்விடும். ஒன்றில் மட்டும் கவனம்: அடுத்து நீங்கள் உருவாக்கும் புதுப் பயனருக்கு அதே 1001 கிடைக்கக்கூடும். கிடைத்தால் பழைய ஆளின் கோப்புகளெல்லாம் கேட்காமலேயே புது ஆளுக்குச் சொந்தமாகிவிடும். பள்ளி ஆய்வகத்தில் போன ஆண்டு மாணவியின் படங்களை இந்த ஆண்டு மாணவன் பார்க்கும் நிலை வேண்டாம். புதுக் கணக்கைத் திறக்கும் முன் பழைய ஃபோல்டரை அப்புறப்படுத்துங்கள்.

## கடைக்கு எப்போது வருவது

நிர்வாகி கடவுச்சொல் இல்லை. பிட்லாக்கர் எண் கேட்கிறது. டிஸ்க் சத்தம் போடுகிறது. "கோப்பு சிதைந்துள்ளது, படிக்க முடியவில்லை" என்று வருகிறது. 'டெம்ப்' கூடாரத்தில் நிற்கிறீர்கள், கணக்கும் வேண்டும். சி டிரைவ் முழுவதற்கும் உரிமையை மாற்றிவிட்டீர்கள். இந்த ஆறில் எது வந்தாலும் மேற்கொண்டு எதையும் அழுத்தாதீர்கள். சிதைந்துள்ளது என்ற செய்திக்கு டிரைவின் ப்ராப்பர்ட்டீஸில் 'டூல்ஸ்', 'செக்' என்று ஒன்று உண்டு. ஆனால் முக்கியமான கோப்புகளை வெளியே எடுக்காமல் அதை ஓட்டாதீர்கள்.

வரும்போது அந்தச் செய்தியைக் கைபேசியில் படம் எடுத்து வாருங்கள், ஜன்னலை மூடியபின் நினைவிலிருந்து சொல்வது பெரும்பாலும் வேறொரு செய்தியாக இருக்கிறது. சார்ஜரும் வேண்டும். பில் போடும் கணினி என்றால் காலையிலேயே கொண்டுவந்தால் மாலை கடை கூடும் நேரத்துக்குள் திருப்பித் தந்துவிடலாம்.